இரண்டு உயிருக்கு ஒரு தட்டு



போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும். மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மாமியாரின் பை நிரம்பி வழிந்தது. பேரீச்சம்பழம், கருப்பட்டி, டின் பால், பெரிய டப்பா மைலோ. என்னைக் கண்டதும் அந்த அம்மாள் முறையிட ஆரம்பித்தார்.

"நீங்களே சொல்லுங்க அக்கா. ரெண்டு உயிரு இருக்கிற உடம்பு. ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு எழுந்திருச்சிடுறா."

அவர் மீன் கடைப் பக்கம் போனதும், அந்தப் பெண் என் காதருகில் வந்தாள். "ஆன்ட்டி, எனக்கு இனிப்பு நீர் இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா எங்க அம்மா வீட்டுப் பரம்பரை வியாதின்னு பேச்சு வரும். அத்தை ஆசையாக் குடுக்கிறாங்க. சாப்பிட்டாப் பயமா இருக்கு, சாப்பிடாட்டிச் சண்டை வருது."

அந்த மாமியாரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மருமகளிடமும் தப்பில்லை. ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு சிசு மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தைக்காகத்தான் இந்த மாதக் கட்டுரை.

எருமைக் கொட்டடிக்குப் பக்கத்தில்

நாங்கள் நின்று பேசிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கே.கே. ஆஸ்பத்திரி. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டடி. ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரம் முழுவதும் மாட்டுத் தொழுவங்களும் பால்காரர்களுமாக இருந்ததால் வந்த பெயர். 1924ல் அது பிரசவ ஆஸ்பத்திரியானது. 1966ல் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ஆண்டில் இத்தனை பிரசவமா என்று உலகமே வியந்து, கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. இதைப் படிக்கும் உங்களில் பலர், அல்லது உங்கள் அண்ணன் தம்பிகள், அந்தக் கணக்கில் இருப்பீர்கள். 1997ல் புக்கிட் தீமா சாலையில் புதுக் கட்டடத்துக்கு மாறியது.

அந்த ஆஸ்பத்திரியிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009ல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. சுருக்கமாக 'கஸ்டோ' என்பார்கள். சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் 1,247 பேரைச் சேர்த்து, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள், இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, பிறந்த பிள்ளைகளையும் ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தார்கள்.

ஏன் இத்தனை மெனக்கெடல்? தாயின் தட்டில் விழுவது, பிள்ளைக்கு நாற்பது ஐம்பது வயதில் வரப்போகும் நோய்க்கும் ஒரு காரணமாகலாம் என்று உலகத்து மருத்துவர்கள் கண்டுபிடித்ததால்தான்.

பட்டினியில் கருவானவர்கள்

நம் பாட்டிமார் ஜப்பான்காரன் காலத்துக் கதை சொல்லும்போது மரவள்ளிக்கிழங்கு வராமல் இருக்காது. 1942 முதல் 1945 வரை, அரிசியைக் கண்ணால் காண்பதே அரிது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அதே கிழங்குதான்.

அதே போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஐரோப்பாவில் ஹாலந்து நாட்டின் ஒரு பகுதிக்கு ஜெர்மானியர்கள் உணவு போகவிடாமல் தடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 400 முதல் 800 கலோரி. அதாவது, தேவையில் பாதி கூட இல்லை. அந்த மாதங்களிலும் பிரசவங்கள் நடந்தன. ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் பத்திரமாக இருந்தன. ஐம்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தபோது, வயிற்றில் இருக்கையில் பஞ்சம் கண்டவர்களின் உடம்புக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 1998ல் வெளியான ஆராய்ச்சி இது.

இதற்கு முன்பே இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் இந்த வழியில் போயிருந்தார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911 முதல், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் ஒரு வயதில் அதன் எடையையும் தாதிமார்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார்கள். எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைத் தாதி செய்த ஏற்பாடு அது. பல பத்தாண்டு கழித்து பார்க்கரின் குழுவினர் அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். எடை குறைந்து பிறந்தவர்களில்தான் பிற்காலத்தில் இதயநோயும் இனிப்பு நீரும் அதிகம் என்று தெரிய வந்தது.

காரணம் இதுதான். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை, வரும் சத்தை வைத்து வெளியுலகத்தைக் கணக்குப் போடுகிறது. 'வெளியே பஞ்சம் போலிருக்கிறது' என்று தெரிந்தால், மூளைக்கு முதல் பங்கைக் கொடுத்துவிட்டு, கணையம், சிறுநீரகம், தசை இவற்றில் சிக்கனம் பிடிக்கிறது. கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கவும் பழகிக்கொள்கிறது. பஞ்சத்தில் வாழ இந்த உடம்பு சரி. அதே உடம்பு வளர்ந்து, காலையில் பரோட்டாவும் மாலையில் தே தாரிக்குமாக வாழும்போதுதான் வினை.

மெலிந்த உடம்பில் மறைந்த கொழுப்பு

'நம் ஜனங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை இனிப்பு நீர்?' என்று கேட்காத வீடு உண்டா? சிங்கப்பூரில் 2010ல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், இந்தியர்களில் 100க்கு 17 பேருக்கு நீரிழிவு. மலாய்க்காரர்களில் ஏறக்குறைய அதே அளவு. சீனர்களில் 10க்கும் குறைவு.

புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் இதற்கு ஒரு விடை தேடினார். 1993ல் அந்த நகருக்கு அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கவனிக்கத் தொடங்கினார். வயல்வேலை செய்யும் ஒல்லியான பெண்கள். அவர்களின் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ. அதே சமயம் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் அவ்வளவு வித்தியாசம் இல்லை! தசை குறைவு, கொழுப்பு அப்படியே. பார்க்க நோஞ்சான், உள்ளே கொழுப்பு.

கஸ்டோ ஆராய்ச்சியிலும் இதன் சாயல் தெரிந்தது. பிறந்த சில நாட்களுக்குள் குழந்தைகளைக் காந்தக் கருவியால் படமெடுத்துப் பார்த்தபோது, வயிற்றுப் பகுதியில் தோலுக்கு அடியில் ஆழமாகப் படியும் கொழுப்பு, சீனக் குழந்தைகளைவிட இந்திய, மலாய்க் குழந்தைகளுக்கு அதிகமாக இருந்தது.

நம் கதையை யோசித்துப் பாருங்கள். பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டு, நிறைமாதம் வரை வேலைக்குப் போனவர். அவர் பெற்ற பெண், நம் அம்மா, சிக்கன உடம்போடு பிறந்தார். அவர் பட்டணத்துக்கு வந்தார். அவருக்கு நாம் பிறந்தோம். நம் பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டில், லிஃப்டில் இறங்கினால் சாப்பாட்டுக் கடை என்று வாழ்கிறார்கள். மூன்றே தலைமுறையில் பஞ்சத்திலிருந்து விருந்துக்கு வந்துவிட்டோம். உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை.

ராஜா மாதிரி ஒரு பிள்ளை

இனி என் சொந்தக் கதை. இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாதது.

எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் 1982ல் பிறந்தான், 3 கிலோ. இளையவனைச் சுமந்தபோது நாங்கள் புது வீட்டுக்கு வந்திருந்தோம். வசதி கொஞ்சம் கூடியிருந்தது. என் மாமியார் என்னைத் தாங்கித் தாங்கி வைத்துக்கொண்டார். காலையில் பசியாற இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் சீனியும், பத்து மணிக்கு மைலோ, இரவு படுக்குமுன் டின் பால் கலந்த ஓவல்டின். 1986ல் பிறந்தான், 4.3 கிலோ! வார்டே வந்து பார்த்தது. "ராஜா மாதிரி பிள்ளை" என்று மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

பிறந்த அன்று இரவு அவனுக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. இரண்டு நாள் தனியாக வைத்துப் பார்த்தார்கள். பிறகு கையில் கொடுத்தார்கள். ஏன் இறங்கியது என்று நாங்களும் கேட்கவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. எனக்கு 41 வயதில் இனிப்பு நீர் என்று தெரிந்தது. இளையவனுக்கு 33 வயதில். மூத்தவனுக்கு இன்றுவரை இல்லை.

இப்போது எனக்குப் புரிகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே வந்து கொட்டும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் பிஞ்சுக் கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்க்கிறது. குழந்தை 'ராஜா' ஆகிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் கணையம் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அன்றிரவு என் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியது.

'உன் இரண்டு பிள்ளைகளை வைத்து ஊருக்குப் புத்தி சொல்லாதே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் இதே கேள்வியை அமெரிக்காவில் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். அரிசோனாவில் பீமா என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். நீரிழிவு மிக அதிகம் உள்ள மக்களில் அவர்களும் ஒருவர். அவர்களிடையே ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு இனிப்பு நீர் வருவதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு பக்கம், வந்த பின் பிறந்தவர்கள் மறு பக்கம். பின்னால் பிறந்தவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்று 2000ல் எழுதினார்கள். தகப்பனுக்கு நோய் வருமுன் பிறந்தாரா, பின் பிறந்தாரா என்று பார்த்தபோது அப்படி வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாமே பரம்பரை இல்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். நூல் ஒன்றேதான். நெய்யும்போது தறியில் என்ன நடந்தது என்பதும் சேலையில் தெரிகிறது.

ஐந்தில் ஒருவர்

கஸ்டோவில் சேர்ந்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. அதனால் தேக்காவில் பார்த்த பெண்ணே, நீ தனி ஆள் இல்லை. உன்னோடு வரிசையில் உட்காரும் ஐந்து பேரில் ஒருவருக்கு அதுதான். கே.கே. மருத்துவமனை 2016 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் இதற்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. 2005 முதல் 2007 வரை அவரும் உடன் வேலை செய்தவர்களும் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைச் சோதித்தார்கள். பட்டணத்தில் 100க்கு 17.8 பேர், புறநகரில் 13.8 பேர், கிராமத்தில் 9.9 பேர். பட்டணத்து வாழ்க்கை ஏற ஏற நோயும் ஏறியதைப் பாருங்கள். அந்தக் காலத்திலேயே, 2007ல், தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று உத்தரவிட்டது. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐ கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இந்தியா கொண்டாடுகிறது.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆறு, ஏழு மாதவாக்கில், இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்து போய் இரத்தம் கொடுத்துவிட்டு, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, பிறகு மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். குமட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருப்பது தெரிந்தால், பெரும்பாலோருக்குச் சாப்பாட்டைத் திருத்தி, கொஞ்சம் நடந்தாலே கட்டுப்பட்டுவிடும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். அதுவும் அவமானம் இல்லை.

பத்தியத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

பிள்ளை பிறந்ததும் நம் வீடுகளில் பத்தியம். கஸ்டோவில் சேர்ந்த தாய்மார்களிலும் பெரும்பாலோர், எந்த இனமானாலும், பிரசவத்துக்குப் பின் பாரம்பரியச் சாப்பாட்டு முறையைக் கடைப்பிடித்தார்கள். நானும் பத்தியத்தைக் குறை சொல்லப்போவதில்லை. சுறாப் புட்டு, பூண்டு, முட்டை, முருங்கைக்கீரை, மிளகு ரசம் எல்லாம் நல்ல சாப்பாடு. பெற்றவளைப் படுக்கவைத்து மற்றவர்கள் சமைத்துப் போடுவதைவிட நல்ல மருந்து ஏது?

ஆனால் மூன்று விஷயங்களை விட்டுவிடலாம். முதலாவது, 'குளிர்ச்சி' என்று காய்கறி, பழம், தண்ணீரை நிறுத்துவது. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீரும் கீரையும் அவசியம். இரண்டாவது, கருப்பட்டியும் நெய்யும் கொட்டிக் கிண்டிய லேகியத்தைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது. இனிப்பு நீர் இருந்த தாய்க்கு அது ஆகாது. மூன்றாவது, 'உடம்பு சூடாகும்' என்று சில வீடுகளில் கொடுக்கும் பிராந்தி, ஸ்டௌட். குடித்தது தாய்ப்பாலில் கலந்து குழந்தைக்குப் போகும்.

குழந்தைக்கும் ஒரு வார்த்தை. பிறந்ததும் சேனை வைப்பது என்று சீனித் தண்ணீரையும் தேனையும் நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தாகவும் முடியலாம். முதலில் சீம்பால், பிறகு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

இனிப்பைத் தள்ளிப்போடுவதால் என்ன லாபம் என்று கேட்டால், இங்கிலாந்தைப் பாருங்கள். போர்க்காலத்தில் அங்கே சீனிக்கு ரேஷன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராம். 1953 செப்டம்பரில் ரேஷன் நீங்கியதும் மக்கள் சாப்பிட்ட சீனி கிட்டத்தட்ட இரட்டிப்பானது. ரேஷன் நாட்களில் கருவாகிப் பிறந்தவர்களையும், நீங்கிய பின் பிறந்தவர்களையும், சுமார் அறுபதாயிரம் பேரை, 2024ல் ஒப்பிட்டார்கள். கருவில் உருவான நாள் முதல் இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்களில் சீனி குறைவாகக் கண்டவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவிகிதமும், இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவிகிதமும் குறைந்திருந்தன. இத்தனைக்கும் அந்தத் தாய்மார்கள் பட்டினி கிடக்கவில்லை. சீனிதான் குறைவு.

வீட்டில் செய்யக்கூடியவை

1. 'இரண்டு பேருக்கு' என்பதை அளவில் பார்க்காதீர்கள், தரத்தில் பாருங்கள். முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடு அநேகமாகத் தேவையில்லை. பிற்பாதியிலும், ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் சேர்ந்த அளவு கூடினால் கிட்டத்தட்டப் போதும்.

2. தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, சுண்டல் இவற்றில் ஏதாவது. மீதிக் கால் பங்குதான் சோறு.

3. குடிப்பதில் சீனியைக் குறையுங்கள். டின் பால் கலந்த தேத்தண்ணீர், மைலோ, பாட்டில் பழச்சாறு மூன்றும் சீக்கிரம் சர்க்கரையை ஏற்றும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

4. இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடியுங்கள். இரவில் அதிக நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்த கர்ப்பிணிகளுக்குக் காலைச் சர்க்கரை சற்றுக் குறைவாக இருந்ததைக் கஸ்டோவில் கண்டார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

5. பயந்து பட்டினி கிடக்காதீர்கள். ஹாலந்துக் கதையை மறக்க வேண்டாம். நோன்பு, விரதம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

6. கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி சர்க்கரை பாருங்கள். பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பாருங்கள். 'பிள்ளை பிறந்தது, வியாதியும் போனது' என்று இருந்துவிட்டுத்தான் நான் ஏமாந்தேன்.

7. கல்யாணமான பெண்களும், ஆகப்போகிற பெண்களும் கர்ப்பத்துக்கு முன்பே எடையையும் சர்க்கரையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, பெரிய பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள் யாரும் மனம் உடைய வேண்டாம். நானும் பல இரவு அழுதிருக்கிறேன். ஒருநாள் என் இளையவன்தான் சொன்னான். "அம்மா, நீங்க எனக்குக் குடுத்தது ஓவல்டின். விஷம் இல்ல." விதைத்தது முழுவதும் விளைந்தே தீரும் என்றில்லை. அவன் இப்போது தினமும் நடக்கிறான், சோற்றைக் குறைத்துவிட்டான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தாயின் தட்டு ஒரு பங்கு. மீதி நம் கையில்.

தேக்காவில் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது ஒன்றுதான். "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் அத்தையையும் கூட்டிக்கிட்டுப் போ. டாக்டர் சொல்றதை அவங்களே கேக்கட்டும்." தலையாட்டினாள். சொன்னாளோ இல்லையோ, தெரியாது.

ஆகவே மாமியார்களே, அம்மாக்களே, இது உங்களுக்கு. வீட்டில் கர்ப்பிணி தட்டைத் தள்ளிவைத்தால், "ஏன் சாப்பிடலே?" என்று அதட்டாதீர்கள். "டாக்டர் என்ன சொன்னாங்கம்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பது அப்போது தானாக வெளியே வரும். பிறகு அந்த வீட்டுச் சமையலே மாறும். பேரப்பிள்ளைக்கு நீங்கள் போடும் முதல் நகை அதுதான்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.